1968 ஃபியட் 1100 டி: ஒரிஜினல் பெயிண்ட் மங்கிப்போச்சு, காப்பாத்தறதா இல்ல உரிச்சுட்டு புதுசா அடிச்சர்றதா?

வேலந்தாவளம்_ஃபியட்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. வண்டி 1968 ஃபியட் 1100 டி, கரும்பச்சை, எங்க தாத்தா வாங்குனது, இப்ப எங்கிட்ட இருக்குது. ஊரு வேலந்தாவளம், கேரளா பக்கம், செக்போஸ்ட்ல இருந்து நடக்கற தூரம். இன்ஜின் பிரேக் எல்லாம் பாத்தாச்சு, பொள்ளாச்சி சந்தை வரைக்கும் ஓட்டிட்டுப் போய்ட்டு வந்துட்டுத்தான் இருக்கேன். தகராறு பெயிண்ட்ல மட்டும்தான். பானட்டும் ரூஃபும் வெயில் பட்டு பட்டு சாம்பல் பூத்துப் போச்சு, கைய வச்சுத் தேச்சா உள்ளங்கை பூரா பச்சைப் பொடியா ஒட்டுது. கதவு நாலும் மங்கல்தான், ஆனா பொடி கம்மி. முன்னாடி இடது மட்கார்டு மட்டும் கொஞ்சம் மினுமினுன்னு, நெறமும் லேசா மாறி இருக்குது. ரன்னிங் போர்டுக்கு அடியில ரெண்டு எடத்துல கொப்புளம் கெளம்பியிருக்கு.

ஆவணில தங்கச்சி கல்யாணம். மாமா வந்து பாத்துட்டு "இந்தக் கோலத்துல மண்டபத்து வாசல்ல நிறுத்தினா நல்லாவா இருக்கும், பூரா உரிச்சு புதுசா அடிச்சர்லாம், காசு நான் குடுக்கறேன்"ங்கறார். பாலக்காட்டுல ஒரு பட்டறைல கேட்டதுக்கு இரும்பு தெரியற வரைக்கும் உரிச்சு, மெட்டாலிக் பச்சை, மேல கிளியர் கோட்டு, கண்ணாடியா இருக்கும்னாங்க. எனக்கு மனசு ஒப்பல. அதுக்காக செத்துப்போன பெயிண்ட்ட கட்டிக்கிட்டு அழுகறதும் சரியில்லதான். இதுக்கு உசுரு இருக்குதா இல்லையா, அத எப்படிக் கண்டுபிடிக்கறது, அத மொதல்ல சொல்லுங்க.

பொள்ளாச்சி_கார்த்தி:

அடிச்சிருங்க ப்ரோ. கைல பொடி வருதுன்னாவே பெயிண்ட் முடிஞ்சுதுன்னு அர்த்தம். கொப்புளம் வேற சொல்றீங்க, அடியில துரு ஓடிக்கிட்டு இருக்கும், மேல பாலீஷ் போட்டு என்ன பிரயோஜனம். ஜூன் பொறந்தா உங்க ஊர்ல மழை புடிச்சுக்கும், துரு இன்னும் வேகமா தின்னும். ஆனா அந்த மெட்டாலிக் மட்டும் வேண்டவே வேண்டாம், 68 வண்டிக்கு அது ஒட்டாது. ஒரிஜினல் கலர்லயே அடிங்க.

அம்பாசடர்_மணி:

தம்பி அவசரப்படாதீங்க. புதுப் பெயிண்ட்ட எப்ப வேணா அடிச்சுக்கலாம், இன்னும் அஞ்சு வருசம் கழிச்சுக்கூட அடிக்கலாம். உரிச்சுப் போட்ட பழைய பெயிண்ட்ட எந்தக் கடைல போய் வாங்குவீங்க? உலக அளவுல பழைய வண்டி அமைப்பு ஒண்ணு இருக்கு, எஃப்.ஐ.வி.ஏ-ன்னு, அவங்க டியூரின் சாசனம்னு ஒண்ணு போட்டிருக்காங்க. முதல்ல பாதுகாக்கப் பாரு, மாத்தறது கடைசிதாங்கறதுதான் அதோட சாரம். நம்மூர்லதான் பழைய வண்டின்னா ஒடனே ஸ்ப்ரே கன்ன எடுத்துருவாங்க. எங்கிட்ட மார்க் 2 அம்பாசடர் இருக்குது, கறுப்பு, எங்க வீட்டுக்கு வந்தப்ப பலகை சிலேட்டு நெறத்துல இருந்துச்சு, இப்ப கறுப்பு. ஒரு சொட்டுப் பெயிண்ட் அடிக்கல.

கண்டுபிடிக்க ஒரு ஈசியான வழி. நெழல்ல நிறுத்தி பானட்ட நல்லா கழுவிட்டு ஈரத்தோட பாருங்க. தண்ணி இருக்கறப்ப பழைய கரும்பச்சை ஆழமா தெரிஞ்சுதுன்னா உள்ள நெறம் இருக்குது, மேல்பக்கம்தான் காஞ்சுபோயிருக்கு. ஈரத்துலயும் திட்டுத்திட்டா அடிப்பூச்சு, அதாவது பிரைமர் தெரிஞ்சா அந்த எடத்துல பெயிண்ட் தீந்துபோச்சு.

சித்தூர்_கவிதா:

நான் கெமிஸ்ட்ரி டீச்சர், வண்டி பத்தி அப்பா கிட்ட கத்துக்கிட்டதுதான். மணி அண்ணா சொன்னதுக்குக் காரணம் சொல்றேன். பெயிண்ட்ல நெறப்பொடி ஒண்ணு, அத புடிச்சு வைக்கற பிசின் ஒண்ணு. வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிரும் காத்துல இருக்கற ஆக்ஸிஜனும் சேந்து மேல இருக்கற பிசினத்தான் மொதல்ல ஒடைக்குது, நெறப்பொடி புடிமானம் இல்லாம தனியா நின்னுடுது. பழைய வீட்டுச் சுவத்துல காரை உதிர்ந்து மணல் மட்டும் கைல வர்றது பாத்திருப்பீங்கள்ல, அதேதான். இது நடக்கறது மேல இருக்கற ரொம்பச் சன்னமான அடுக்குல, அதுக்குக் கீழ இருக்கறது பெரும்பாலும் நல்லாவே இருக்கும். பாலக்காட்டு வெயிலப் பத்தி சொல்லவே வேண்டாம், மார்ச் ஏப்ரல்ல நாப்பதத் தொடுது, கணவாய்க் காத்து தூசிய வேற வாரி அடிக்குது. அதனாலதான் வானத்தப் பாத்து இருக்கற பானட்டும் ரூஃபும் முதல்ல போகுது, கதவு தப்பிச்சுக்குது.

ஒரு விஷயம் ரொம்ப முக்கியம், கேலியா எடுத்துக்காதீங்க. அந்தக் காலத்துப் பச்சைல பலது குரோம் மஞ்சளும் நீலமும் கலந்து செஞ்சது, குரோம் மஞ்சள்னா லெட் குரோமேட், அதாவது ஈயம். அடியில ரெட் லெட் பிரைமரும் இருக்கலாம். உங்க உள்ளங்கைல ஒட்டுன பொடில ஈயம் இருக்குதுன்னே வச்சுக்கிட்டு வேலை செய்யுங்க. காஞ்ச பெயிண்ட்ட காயவச்சே தேய்க்கவே கூடாது, ஈரம் பண்ணித்தான் தேய்க்கணும். கிளவுஸ், மாஸ்க், வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவறது, கொழந்தைங்கள பக்கத்துல விடாம இருக்கறது, தொடைச்ச துணிய வீட்டுத் துணியோட சேத்து வாஷிங் மெஷின்ல போடாம இருக்கறது, இது அத்தனையும் கட்டாயம். நம்ம நாட்டுல வீட்டுப் பெயிண்ட்டுக்கே 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல ஈயம் கூடாதுங்கற விதி 2016ல வந்து 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு, 1968 கார் பெயிண்ட்ல என்ன இருக்கும்னு நீங்களே யோசிங்க.

ஸ்ப்ரேகன்_மேஸ்திரி:

தம்பி நான் பெயிண்டர். கோயம்புத்தூர் உக்கடத்துல ஸ்ப்ரே கன்னு புடிச்சுப் பழகுனவன், இப்ப கொழிஞ்சாம்பாறைல பையன் பட்டறைய பாத்துக்கறான், நான் சும்மா உக்காந்து நொட்டம் சொல்றேன். இந்தப் பசங்க எல்லாரும் பெயிண்ட் பெயிண்ட்னு பேசறாங்க, அது என்ன பெயிண்ட்னு ஒருத்தரும் கேக்கலயே. அத தெரியாம தேய்க்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது.

அப்ப ரெண்டு சாதிதான். ஒண்ணு என்.சி., நைட்ரோ செல்லுலோஸ், நாங்க டுகோம்போம், அமெரிக்காவுல டூபாண்ட்காரங்க 1920கள்ல வச்ச பேரு அது, கடைசில எந்தக் கம்பெனி டப்பாவா இருந்தாலும் டுகோன்னே ஆயிருச்சு. இன்னொண்ணு சிந்தெடிக் எனாமல், அதுலயே சூட்டுல வாட்டுனது ஒண்ணு, பட்டறைல அடிச்சு காத்துல காயவச்சது ஒண்ணு. வெள்ளைத் துணில என்.சி. தின்னர் ரெண்டு சொட்டு விட்டு, கண்ணுக்குத் தெரியாத எடத்துல லேசா ஒத்தி எடு. டக்குனு நெறம் துணில கரைஞ்சு வந்தா என்.சி., அது எத்தனை வருசம் ஆனாலும் தன்னோட தின்னர்ல கரையும். தோல் சுருங்கிக் கொழகொழன்னா பட்டறைல அடிச்ச எனாமல். ஒண்ணுமே ஆகல, துணி சுத்தமா இருக்குன்னா சூட்டுல வாட்டுன கம்பெனி பெயிண்ட்டு, இல்லாட்டி பின்னாடி எவனோ ஹார்டனர் கலந்து அடிச்ச 2கே. டிக்கிக்குள்ள மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு முடிவு கட்டாதே, வெளியில மட்டும் பின்னாடி அடிச்சிருப்பான். ஒவ்வொரு தகடுக்கும் கீழ் விளிம்புல தனித்தனியா பாரு.

இன்னொண்ணு, கண்ணாடி, கதவு ஓரத்துல இருக்கற பீடிங் ரப்பர கொஞ்சம் தூக்கிப் பாரு, பெயிண்ட் ரப்பர் மேல சிந்தியிருந்தா அந்தத் தகடு ரீ பெயிண்ட். ஃப்ரிட்ஜ்ல ஒட்டற சின்னக் காந்தம் எடுத்து மட்கார்டு மேல தடவு, எங்க வழுக்குதோ அங்க பட்டி, அதாவது பள்ளத்த நெரவறதுக்குப் பூசுனது.

பொள்ளாச்சி_கார்த்தி:

மேஸ்திரி சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன், கோயம்புத்தூர்ல பழைய கார் வாங்கி விக்கறவங்க கிட்ட பெயிண்ட் திக்னஸ் மீட்டர் இருக்கும், ஒரு மணி நேரம் கேட்டா குடுப்பாங்க. மைக்ரான்ல காட்டும், அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. ஆனா நான் இன்னும் என் பேச்ச மாத்திக்கல, கொப்புளத்துக்கு யாரும் பதில் சொல்லல.

வேலந்தாவளம்_ஃபியட்:

எல்லாம் பண்ணிட்டேனுங்க. ஈரத்துல பாத்தா பானட்டு அவ்ளோ அழகா கரும்பச்சையா தெரியுது, நடு மடிப்புல ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் செம்மண் கலர்ல பிரைமர் எட்டிப் பாக்குது. தின்னர் போட்டுப் பாத்ததுல ரூஃப், பானட், கதவு, டிக்கி எதுலயும் துணி சுத்தமா இருக்கு, இடது மட்கார்டுல மட்டும் பட்டுனு பச்சை கரைஞ்சு வந்துச்சு. அம்மாகிட்ட கேட்டேன், நான் பொறக்கறதுக்கு முன்னாடி வாளையார்ல ஒரு லாரிக்காரன் ஒரசிட்டானாம், அப்ப அடிச்சதா இருக்கும்னாங்க. காந்தம் அந்த மட்கார்டுல ஹெட்லைட்டுக்குப் பின்னாடி ஒரு கை அளவுக்கு ஒட்டவே இல்ல.

மீட்டரும் கெடச்சுது. கதவு 100, 110. ரூஃப் 75ல இருந்து 90. பானட் நடு எடம் 80, மடிப்பு ஓரம் 40க்கும் கீழ. இடது மட்கார்டு 240, பட்டி இருக்கற எடத்துல நம்பரே வரல. அப்ப மட்கார்டு தவிர பாக்கி பூரா கம்பெனி பெயிண்ட்டுங்களா மேஸ்திரி?

ஸ்ப்ரேகன்_மேஸ்திரி:

ஆமா தம்பி, நீ சொல்றத வச்சுப் பாத்தா சூட்டுல வாட்டுன எனாமல்தான், கம்பெனில இருந்து வந்ததுதான். ரப்பர் சுத்தமா இருந்தா சந்தேகமே வேண்டாம். இத உரிக்கணும்னு சொல்றவன் கிட்ட வண்டிய விட்டுறாதே. நான் பெயிண்ட் அடிச்சுச் சம்பாரிச்சவன், நானே சொல்றேன்.

ஹெரால்டு_ரசிகன்:

இதப் பாத்ததுக்கு அப்பறம் எழுதாம இருக்க முடியல, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. நான் மீனாட்சிபுரம், ஸ்டாண்டர்டு ஹெரால்டு வச்சிருக்கேன், மெட்ராஸ்ல செஞ்ச வண்டி, செவப்பு. செவப்புதான் இருக்கறதுலயே மோசமா வெளுக்கும், ரோஸ் கலருக்குப் போயிருந்துச்சு, அதுல கத்துக்கிட்டதுதான் இது.

இப்ப வர்ற கார்ல நெறம் அடியில, அதுக்கு மேல நெறமில்லாத கிளியர் கோட். நம்ம வண்டிகள்ல நெறமும் மினுமினுப்பும் ஒரே படலம், சிங்கிள் ஸ்டேஜும்பாங்க. அதனால தேய்க்கறப்ப துணில பச்சை வரும், பயப்படாதீங்க, ஆனா வர்றது ஒவ்வொண்ணும் உங்க பெயிண்ட்தான், திரும்ப வராதுங்கறதயும் மறக்காதீங்க. கடைல கார் பாலீஷ்னு கேட்டா ரப்பிங் காம்பவுண்ட் டப்பாவத்தான் தூக்கிக் குடுப்பாங்க, காஞ்சு கெடக்கற பெயிண்ட்ல அத நேரா போட்டா ஒரே தேய்ல நல்ல பெயிண்ட்டும் சேந்து வந்துரும். 80 மைக்ரான்ல அந்த வெளையாட்டு ஆகாது.

முதல்ல எண்ணெய் குடுக்கணும், அப்பறம்தான் தேய்ப்பு. மெகுயர்ஸ் கம்பெனில நம்பர் 7னு ஒரு கிளேஸ் இருக்கு, ரொம்ப பழைய சரக்கு, அதுல அரைக்கற பொருள் கெடையாது, எண்ணெய்ப் பதம்தான் ஜாஸ்தி. அமெரிக்காவுல பழைய சிங்கிள் ஸ்டேஜ் வண்டிய மீட்கறவங்க இதத்தான் மொதல்ல போடுவாங்க. ஆன்லைன்ல வரவழைக்கலாம், இல்லன்னா அதே மாதிரி அரைக்காத கிளேஸ் எதுவானாலும் சரி, ஆனா சிலிகான் இல்லாததா பாத்து வாங்குங்க. வண்டிய நல்ல கார் ஷாம்பூல கழுவி, நெழல்ல, தகடு தொட்டா சில்லுனு இருக்கணும். சொரசொரப்பான டர்க்கி டவல் ஒண்ணு மடிச்சு, கிளேஸ தாராளமா ஊத்தி, கையாலயே நல்லா அழுத்தி முன்னும் பின்னுமா தேய்ங்க. டவல் சொரசொரப்பு செத்த பொடிய எடுக்கும், எண்ணெய் உள்ள எறங்கும். தேச்சு முடிச்சு தொடைக்காம கெட்டியா இன்னொரு பூச்சு போட்டு ராத்திரி பூரா அப்படியே விட்டுருங்க. காலைல வந்து பாருங்க, சில எடம் எல்லாத்தையும் குடிச்சுட்டு மறுபடி மங்கலா நிக்கும், அந்த எடத்துக்கு இன்னொரு தடவ. குடிக்கறது நிக்கற வரைக்கும் குடுங்க.

அதுக்கு அப்பறம்தான் மெஷினு, அதுவும் தேவைப்பட்டா. கம்பளி பேட் வேண்டாம், மெத்துனு இருக்கற ஃபோம் பேட், ரொம்ப மெல்லிசான பாலீஷ், வேகம் கொறச்சு வச்சு. ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா பேட்ட கழுவணும், பச்சைப் பொடி அடைச்சுக்கும். பானட் மடிப்பு, கதவு விளிம்பு, மட்கார்டு ஓரம் இங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிட்டுத்தான் மெஷின கிட்ட கொண்டு போகணும். 40 மைக்ரான் காட்டுன மடிப்ப கையாலகூட அழுத்தாதீங்க, எண்ணெயும் மெழுகும் மட்டும் போதும். அந்தப் பிரைமர் தெரியற எடத்த அப்படியே விட்டுருங்க, எனக்குக் கேட்டா அது அசிங்கமே இல்ல, அம்பத்தஞ்சு வருசத்துக்கு மேல ஓடுன வண்டியோட அடையாளம். கடைசில கார்னூபா மெழுகு.

தொடைக்க திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோக்கணக்குல கெடைக்குது, ஆனா தையல், பட்டன் இருக்கற துண்டெல்லாம் பொறுக்கிப் போட்டுருங்க, ஒரு தையல் போதும் கோடு இழுக்க.

மீனாட்சிபுரம்_ஜீப்:

எதுக்குங்க இவ்ளோ செலவு? எங்க பக்கத்துல தேங்காயெண்ணெய் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து தொடைச்சு விட்டா வண்டி பளபளன்னு ஆயிருது. ஆளி விதை எண்ணெயும் சொல்றாங்க.

ஸ்ப்ரேகன்_மேஸ்திரி:

ஒரு நாளைக்குப் பளபளன்னு இருக்கும் தம்பி, அப்பறம்? தேங்காயெண்ணெய் காயாது, நம்ம கணவாய்க் காத்துல வர்ற மண்ணு பூரா அதுல ஒட்டிக்கும், அந்த மண்ணோட மறுபடி துணி போட்டா உப்புத்தாள் போட்டதுக்குச் சமம். ஆளி விதை எண்ணெய் அதுக்கு நேர்மாறா காஞ்சு பிசுபிசுன்னு மஞ்சத் தோலா நிக்கும், எடுக்கறதுக்குள்ள பெயிண்ட் போயிரும். டயர் பாலீஷ் தொடைச்சு விடறவனும் இருக்கான், அதுல சிலிகான், என்னைக்காவது டச் அப் பண்ணணும்னா பெயிண்ட் ஒட்டாம குழி குழியா விலகும், மீன் கண்ணும்போம். தயவுசெஞ்சு வேண்டாம்.

அம்பாசடர்_மணி:

ரசிகன் சொன்னது அத்தனையும் சரி, ஒண்ணு மட்டும் சேக்கணும். உங்களுது வெடிப்பு விட்டிருக்குதான்னு லென்ஸ் வச்சுப் பாருங்க தம்பி. மங்கல் வேற, வெடிப்பு வேற. முடி மாதிரி கோடு ஓடியிருந்தா அது மேல்தோல் விஷயம் இல்ல, படலமே பொளந்திருக்கு, எந்த எண்ணெயும் அத ஒட்டாது. என்.சி.ல இது சகஜம், வயசாக ஆக வெறச்சுப் போயிரும், பகல் சூடு ராத்திரிக் குளிர்னு தகடு விரிஞ்சு சுருங்கறப்ப வெடிக்கும். உங்க இடது மட்கார்டுல வாய்ப்பு ஜாஸ்தி. அங்க வெள்ளை பாலீஷ் போட்டுறாதீங்க, கோட்டுக்குள்ள போய் உக்காந்து வெள்ளைக் கோலமா தெரியும், பல்குச்சி வச்சு நோண்டினாலும் வராது.

பொள்ளாச்சி_கார்த்தி:

சரி, பானட் ரூஃப் விஷயத்துல ஒத்துக்கறேன், மீட்டர் நம்பர் பாத்ததுக்கு அப்பறம் உரிக்கச் சொல்ல எனக்கே மனசு வரல. ஆனா கொப்புளத்த விடமாட்டேன். அத யாரும் எண்ணெய் போட்டு மூடப் பாக்காதீங்க. மேல ஒரு ரூபா அளவு கொப்புளம்னா அடியில உள்ளங்கை அளவு துரு. ஒரிஜினல் ஒரிஜினல்னு சொல்லிக்கிட்டு ரன்னிங் போர்டு ஓட்டையாகறத பாத்துக்கிட்டு இருக்கறது காப்பாத்தறது இல்ல, வண்டியவே விட்டுடறது. ஃபியட்டுக்கு தனியா சேஸிஸ் கெடையாது, பாடிதான் எல்லாத்தையும் தாங்குது, ரன்னிங் போர்டு போச்சுன்னா அப்பறம் ஜாக்கி வச்சுத் தூக்கக்கூட எடம் இருக்காது.

ஹெரால்டு_ரசிகன்:

கார்த்தி சொல்றது நூத்துக்கு நூறு. துரு இருக்கற எடத்துல செண்டிமெண்டுக்கு வேலையே இல்ல. கொப்புளத்த ஸ்குரூடிரைவர்ல குத்திப் பாருங்க, தகடு கெட்டியா இருந்தா அந்த எடத்த மட்டும் ஈரம் பண்ணி சொரண்டி, பாஸ்பாரிக் ஆசிட் இருக்கற ரஸ்ட் கன்வெர்ட்டர், அது மேல எபாக்ஸி பிரைமர், அது மேல கலர். குத்துறப்ப ஸ்குரூடிரைவர் உள்ள போச்சுன்னா வெட்டி புதுத் தகடு வெல்டிங் பண்ணணும், பட்டி போட்டு அடைக்கறவன் கிட்ட விடாதீங்க. உள்பக்கம் காலி எடத்துல மெழுகு ஸ்ப்ரே, அடியில இருக்கற தண்ணி வடியற ஓட்டை அடைச்சிருந்தா கம்பி விட்டுக் குத்தி விடுங்க. பாதி துரு அந்த ஓட்டை அடைச்சதால வர்றதுதான்.

வேலந்தாவளம்_ஃபியட்:

குத்திப் பாத்தேன். பின்னாடி கொப்புளம் கெட்டி. முன்னாடி ஒண்ணு உள்ள போயிருச்சு. கார்த்தி ப்ரோ நீங்க சொன்னதுதான், மேல கட்டைவிரல் அளவு, உள்ள ஒரு சாண். ஓட்டை ரெண்டும் களிமண்ணு அடைச்சுக் கல்லா இருந்துச்சு. கொழிஞ்சாம்பாறைல வெல்டிங் ஆரம்பிக்கறோம் இந்த வாரம்.

இன்னொரு கேள்வி. மாமா எங்கயோ கேட்டுட்டு வந்து, ஒரிஜினலா இருந்தா விண்டேஜ்னு ரிஜிஸ்டர் பண்ணலாம், பெயிண்ட் அடிச்சா முடியாதுங்கறார். நெசமுங்களா?

அம்பாசடர்_மணி:

பாதி நெசம். 2021 ஜூலைல மத்திய அரசு விதி கொண்டு வந்துச்சு. முதல் ரிஜிஸ்ட்ரேஷன்ல இருந்து 50 வருசம் தாண்டியிருக்கணும், ஒரிஜினல் வடிவத்துல இருக்கணும், சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜின் இதுல பெரிய மாத்தம் பண்ணியிருக்கக் கூடாது. பெயிண்ட் அடிச்சா போச்சுன்னு அதுல இல்ல. புதுசா பதியறதுக்கு 20,000, 10 வருசம் செல்லும், நம்பர்ல வி.ஏ.ன்னு எழுத்து வரும். ஆனா விண்டேஜா பதிஞ்சா தெனமும் ரோட்டுல ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னுதான் எடுக்கலாம். பொள்ளாச்சி சந்தைக்குப் போறேங்கறீங்க, உங்களுக்கு அது சரிப்படாது, சாதாரண ஆர்.சி.யவே புதுப்பிச்சு வச்சுக்கங்க. கலர் மாத்தறதா இருந்தா மட்டும் சித்தூர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து ஆர்.சி.ல ஏத்தணும், நீங்கதான் மாத்தலயே.

வேலந்தாவளம்_ஃபியட்:

அப்டேட் போடறேனுங்க. வெல்டிங் முடிஞ்சுது, அந்த எடம் பிரைமரோட நிக்குது. ரூஃப்ல இருந்து ஆரம்பிச்சோம், நானும் தங்கச்சியும். கவிதா அக்கா சொன்ன மாதிரி கிளவுஸ் மாஸ்க் எல்லாம் போட்டுக்கிட்டு. கிளேஸ ஊத்தித் தேய்க்கத் தேய்க்க டவல் அடர் பச்சையா மாறுது, ரூஃப் ஊத்துன எடம் தெரியாம குடிக்குது. மறுநாள் காலைல தொடைச்சுப் பாத்தா முன்னாடி பாதி நல்லா கருகருன்னு, பின்னாடி பாதி இன்னும் திட்டுத்திட்டா. மறுபடி குடுத்தோம். பானட்ல நடுவுல டேப் ஒட்டி ஒரு பாதி மட்டும் பண்ணிட்டு மாமாவ கூப்பிட்டுக் காட்டினேன், டேப்ப உரிச்சதும் ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் கரும்பச்சைல வேப்பமரத்து எலை ஒண்ணொண்ணும் தெரியுது. மாமா ரொம்ப நேரம் பேசல, அப்பறம் "இத எதுக்கு உரிக்கோணும்"னு கேட்டாரு. மெஷின் கதவுக்கு மட்டும்தான் போட்டேன், ரூஃபுக்கும் பானட்டுக்கும் தேவைப்படல. ரூஃப்ல மறுபடி மீட்டர் வச்சுப் பாத்தேன், 75, 85, முன்ன இருந்ததுக்கும் இப்பத்துக்கும் வித்தியாசமே சொல்ல முடியல.

டிக்கி மூடில காக்கா எச்சம் பட்டு அரிச்ச தடம் ரெண்டு அப்படியே இருக்குது, அது போகலங்க.

ஹெரால்டு_ரசிகன்:

படிக்கறப்பவே கை துறுதுறுங்குது. எச்சத் தடம் படலத்துக்குள்ள எறங்கியிருக்கும், அத எடுக்கணும்னா நெறைய தேய்க்கணும், விட்டுருங்க. இனிமே பட்டா ஒடனே தண்ணி ஊத்தி ஊறவச்சு எடுங்க, காஞ்சத சொரண்டாதீங்க. மழை வர்றதுக்குள்ள மெழுகு ரெண்டு கை போட்டுருங்க. அப்பறம் தார்ப்பாய், பிளாஸ்டிக் கவர் எதுவும் போட்டு மூடிறாதீங்க, அடியில ஆவி நின்னு பெயிண்ட் முத்து முத்தா கொப்பளிக்கும். ஷெட்டுக்குள்ள காத்துப் போற பருத்திக் கவர்தான். ஈரத்தோட ஒரு நாளும் மூடாதீங்க.

சித்தூர்_கவிதா:

கவர் கட்டாயம் போடுங்க, வேற ஒரு காரணமும் இருக்கு. உங்க பக்கம் மயில் ஜாஸ்தி. வண்டி மினுமினுன்னு ஆனதும் தன்னோட நெழல் கதவுல தெரியும், வேற மயில்னு நெனச்சு ஆண் மயில் கொத்தும், நகத்துல கிழிக்கும். எங்க பக்கத்து வீட்டு கறுப்பு கார்ல ஒரு பக்கம் பூரா கோடு. மங்கலா இருந்த வரைக்கும் உங்க வண்டிக்கு அந்தத் தொல்லை இருந்திருக்காது.

வேலந்தாவளம்_ஃபியட்:

அய்யோ ஆமாங்க அக்கா, காலைல ரெண்டு தோட்டத்துலயே சுத்திக்கிட்டு இருக்குது. இன்னைக்கே கவர் தைக்கக் குடுத்தர்றேன்.

மேஸ்திரி, இடது மட்கார்டுல மணி அண்ணா சொன்ன வெடிப்பு இருக்குது, லென்ஸ்ல நல்லா தெரியுது. ரன்னிங் போர்டும் அதுவும் சேத்து உங்க பட்டறைலயே கலர் அடிச்சர்லாமுங்களா, கல்யாணத்துக்கு முன்னாடி?

ஸ்ப்ரேகன்_மேஸ்திரி:

ரன்னிங் போர்டு இப்பவே வா, அது கீழ இருக்கு, கலர் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, மழைக்கு முன்னாடி மூடியாகணும். மட்கார்டு இப்ப வேண்டாம். கல்யாணத்துக்கு அப்படியே நிக்கட்டும், மாலை போட்டா அந்த எடத்துல யாரும் பாக்க மாட்டாங்க. இடவப்பாதி மழைல, அதான் ஜூன்ல புடிக்கற மழைல, காத்து பூரா ஈரம், தின்னர் ஆவியாகறப்ப பெயிண்ட் மேல் பக்கம் குளுந்து ஈரத்த இழுத்துக்கும், வெள்ளை பூத்துரும். தின்னர மெதுவா ஆவியாக வைக்கற ரிடார்டர் ஊத்தி சமாளிக்கலாம், ஆனா ஆடிக்காத்துல தூசி வேற. ஐப்பசி கார்த்திகைலயும் மழை விடாது. தை பொறக்கட்டும், காஞ்ச காத்து, அப்ப பழைய பட்டிய எடுத்துட்டு தகட்ட தட்டி நேர் பண்ணி நிதானமா அடிக்கலாம்.

கலர் மேட்சுக்கு டிக்கி உள்பக்கம் பாத்துட்டு வந்து நிக்காதே. அங்க வெயில் படாத பச்சை, வெளியில இருக்கறத விட இருட்டா இருக்கும், அந்த நெறத்துல அடிச்சா மட்கார்டு மட்டும் தனியா தெரியும். பக்கத்துல இருக்கற இடது முன் கதவு, நீ எண்ணெய் குடுத்து மெழுகு போட்டதுக்கு அப்பறம் என்ன நெறமோ அதுதான் சாம்பிள். பகல்ல, வெளிச்சத்துல வச்சு நானே கலக்கறேன், கம்ப்யூட்டர் கலர் வேண்டாம்.

வேலந்தாவளம்_ஃபியட்:

சரிங்க மேஸ்திரி. ரன்னிங் போர்டுக்கு திங்கக்கெழம வண்டிய கொண்டாரேன், அப்பவே கதவு நெறத்தயும் ஒருக்கா பாத்து வச்சுக்கங்க.